அலை மூடாத ஒன்பதடி

‘அரைவட்டம்’ அம்மாள் (1931–2014), கடல் வரைபட அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரைவாளராகப் பணியாற்றியவர். இப்பட்டத்தைச் சூட்டியவர் அலுவலக இயக்குநர். கேலியாகத் தொடங்கியது, பிற்காலத்தில் மரியாதையாக நிலைத்தது.

அந்நாளில் ஒரு நாட்டின் கடலுரிமை கரையிலிருந்து மூன்று மைல்தான். அதற்கப்பால் யாரும் வலை வீசலாம். ஆனால் கரையில் உள்வாங்கிய பகுதி ஒரு விரிகுடா என்று நிறுவப்பட்டால், அதன் வாயில் கோடு கிழித்து, உள்ளிருக்கும் நீர் முழுவதையும் வீட்டு முற்றம் போலச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். இதற்குச் சர்வதேசச் சட்டம் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தது. வாய் இருபத்து நான்கு கடல் மைலைத் தாண்டக் கூடாது. அந்த வாயையே விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரைந்தால், உள்நீரின் பரப்பு அதற்குக் குறையக் கூடாது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாள் இதை ஒரே வரியில் விளக்குவார்: “வாய் இருந்தா மட்டும் போதாது, அதுக்கேத்த வயிறும் இருக்கணும்.”

அவருடைய தம்பி அப்படிக் கரை உள்வாங்கிய ஒரு கடலில்தான் படகு ஓட்டிப் பிழைத்தார். அண்டை நாட்டு இழுவைக் கப்பல்கள் நட்டநடுவே வந்து கடலடியைத் துடைத்தெடுத்தன. போகிற போக்கில் தம்பியின் வலையையும் மூன்று முறை அறுத்துக்கொண்டு போயின. அது சட்டப்படி பொதுக்கடல், தடுக்க வழியில்லை. நான்காவது முறையும் வலை போனால் படகை விற்றுவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

1967 பிப்ரவரியில், அந்த நீரை விரிகுடாவென்று அறிவிக்க அரசு வரைபடம் கேட்டது. அம்மாள் பரப்பளக்கும் கருவியின் சக்கரத்தைக் கரைக்கோட்டின் மேல் மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் 171 சதுர மைல். வாயின் அகலம் 21.6 மைல், அதற்குரிய அரைவட்டம் 183. பன்னிரண்டு குறைந்தது.

“பன்னிரண்டுதானே, சேர்த்துப் போடும்மா. யாரு வந்து அளக்கப் போறா?” என்றார் இயக்குநர்.

“எதிராளி அளப்பான் சார். இதே கருவி அவன்கிட்டயும் இருக்கு.”

“அப்போ உன் தம்பிக்கு நீயே பதில் சொல்லிக்கோ.”

பதில் தம்பியிடமே இருந்தது. வாயின் நடுவில் ஒரு பாறைத் திட்டு உண்டு. நீர் வற்றும்போது 1.6 மைல் அகலத்துக்கு வெளியே தெரியும். ‘நீரேற்றத்தில் முழுதும் மூழ்கும்’ என்று பழைய வரைபடம் குறித்திருந்தது. அம்மாள் அதைப் படித்துக் காட்டியதும் தம்பி சிரித்துவிட்டார்.

“எவன்க்கா எழுதுனான்? எங்க வலை காயுறதே அதும் மேலதான்!”

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிக உயர்ந்த நீரேற்றத்திலும் ஒரு துண்டு வெளியே நின்றால் சட்டப்படி அது தீவு. தீவு நின்றால் வாய் இரண்டாகும். நீர் வற்றும்போது தெரியும் திட்டின் முழு அகலமும் வாய்க்கணக்கிலிருந்து கழியும். மிச்சம் இருபது மைல், அரைவட்டம் 157. நம்முடைய 171 அதைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

மறுநாளே தம்பியின் படகில் போய் இறங்கினார். பாறையின் உச்சியில் மார்பளவுக்கு ஒரு கற்குவியல். வலை காயப் போடுவதற்காக மீனவர்கள் ஏழு வருடமாக அடுக்கியது. அம்மாள் கற்களின் இடுக்கில் தோள்வரை கையை நுழைத்துத் தடவினார். பிறகு சொன்னார்:

“இதைப் பிரிச்சுக் கடல்ல போடணும்.”

“என்னக்கா, சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கச் சொல்றே? உயரமா இருந்தா நமக்கு நல்லதுதானே?”

“மனுஷன் வச்ச கல்லு கணக்குல வராதுடா. இயற்கையா நிக்கிற பாறைதான் தீவு. இது கிடந்தா, நாமளே செஞ்ச தீவுன்னு சொல்லிச் சிரிப்பான்.”

“பிரிச்ச பிறகு பாறை முழுகிடுச்சுன்னா? கடலும் போச்சு, காயப்போட்ட இடமும் போச்சு.”

“முழுகாது. உன் படகு அடியில ஒட்டுற சிப்பி இங்கயும் இருக்கு. ஆனா உச்சிக்கு ஒரு சாண் கீழயே நின்னுடுச்சு. தண்ணி தொடாத இடத்துல அது ஒட்டாது.”

“சிப்பியை நம்பி வீட்டை இடிக்கிறேன்னு ஊருக்குப் போய்ச் சொல்றேன்,” என்று முணுமுணுத்தபடி தம்பி முதல் கல்லைத் தூக்கி எறிந்தார். ஆறு பேர் சேர்ந்து இரண்டு நாளில் குவியலைத் தரைமட்டமாக்கினர்.

அளவெடுக்கக் குறித்த நாள் மார்ச் 27. பௌர்ணமிக்கு மறுநாள், ஆண்டின் மிக உயர்ந்த நீரேற்றம். கடல் கண்ணாடியாகக் கிடந்தது. சாட்சியாக வந்த இயக்குநர் பளபளக்கும் தோல் செருப்போடு இறங்கினார். பத்து மணிக்கு உச்சிப்பாறை தவிரத் திட்டு முழுதும் மறைந்தது. பதினொன்றுக்குப் பாறை ஓர் அறையளவாயிற்று, பிறகு கட்டிலளவாயிற்று. இயக்குநர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, போதும், படகுக்கு வா,” என்றார் தம்பி.

“செருப்பைப் போட்டுக்கங்க சார், நனையாது,” என்றார் அம்மாள்.

பதினொன்று நாற்பதுக்கு நீர் நின்றது. பத்து நிமிடம் அசையவில்லை; பிறகு இறங்கத் தொடங்கியது. அம்மாள் குனிந்து நாடாவை நீட்டி அளந்தார்: நீளம் ஒன்பதடி, அகலம் ஆறடி, உயரம் ஒரு சாண். இயக்குநர் அந்த இடத்திலேயே குறிப்பேட்டில் கையொப்பமிட்டார். செருப்பைப் போட்டுக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்.

விரிகுடா அறிவிக்கப்பட்டது. அண்டை நாடு ஆட்சேபித்தது. ஆள் அனுப்பி அளந்தும் பார்த்தது. அவர்களுடைய நாடாவும் ஒன்பதடியே காட்டியது. அடுத்த ஆண்டுக்குள் இழுவைக் கப்பல்கள் கோட்டுக்கு வெளியே போய்விட்டன. தம்பி படகை விற்கவில்லை. இரண்டாவதாக ஒன்றும் வாங்கினார். வலையை மட்டும் அதன்பின் கரையில்தான் காயப் போட்டார். பாறையின் மேல் ஒரு கல்லும் வைக்க அக்கா விடவில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் உயர்ந்த நீரேற்ற நாட்களில் அம்மாள் பாறைக்குப் போய்வந்தார். கடைசியாக அவர் அங்கே நாடா பிடித்து அளந்தது 2003 செப்டம்பர் 27. அப்போதும் ஒன்பதடி.