அவித்த கரட்டும் அக்காவின் சுறாவும்

"உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று லண்டன் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். மார்பில் புற்றுநோய் கண்டு, இடது பக்கத்தை முழுதாக எடுத்து, கதிர்வீச்சுக் கரண்டும் பிடித்து மூன்று மாதமாகியிருந்தது. திருகோணமலையில் வருத்தக்காரியிடம் பிடித்ததை யார் கேட்டார்கள்? இறால் கிரந்தி, புண்ணைக் கிளப்பும், கத்தரிக்காய் கிரந்தி, அன்னாசிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. இவளோ மரக்கறி, பழம், மீன், உப்பும் கொழுப்பும் குறைவாக என்று ஒரு தாளைத் தந்து, மற்றபடி விரும்பியதைச் சாப்பிடலாம் என்றாள். பத்தியம் எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. இனி எப்போதும் இப்படித்தான் என்றாள். ஆயுள் முழுக்கப் பத்தியமா, பத்தியமே இல்லையா? எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து வந்த ஓர் ஆசிரியை அக்காவின் பார்சலைக் கொண்டுவந்து தந்தார். சுறாக் கருவாடு, சரக்குத்தூள், சின்னதாய் ஒரு வசம்பு வளையல். எல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுச் சாமான். கடிதத்தைப் பிரித்தேன்.

"நாவூறு படும் எண்டுதானே நீ ஒண்டும் எழுதேல்லை. எனக்கு விளங்கும். நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பால் காணுதோ?"

பிழை என்னுடையதுதான். பெண்களுக்கு வருகிற வருத்தம், ஒப்பரேசன் செய்தது, இப்போது சுகம் என்று மூன்றே வரி எழுதியிருந்தேன். என் கடிதத்தை அக்கா வாசித்தால் பக்கத்து வீடுகளும் வாசித்ததுபோல்தான். மார்பு என்று எழுதக் கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் வயிற்றில் பிள்ளை என்றால் கண்ணூறு பட்டுவிடுமென்று வாயே திறக்க மாட்டார்கள். ஒப்பரேசனைப் பிள்ளைப்பேறு என்றும் என் மௌனத்தை நாவூறுப் பயம் என்றும் அக்கா எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக என் இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருந்தவள், பாவம்.

என் மகன் பிறந்தபோது அக்கா விடியவே சல்லிக் கடற்கரைக்குப் போய், எனக்குப் பால் சுரக்கவென்று கரைவலைக்காரரிடம் பால்சுறா வாங்கி வருவாள். குசினியில் அவித்து, தோலுரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து என் முன்னால் வைப்பாள். முப்பத்தொரு நாளும் அதேதான். மணம் பட்டாலே எனக்குக் கோபம் வரும். "தின்னு. உனக்கில்லை, பிள்ளைக்கு" என்பாள்.

அடுத்த முறை கருவாட்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த வெள்ளைக்காரி இது கூடாது என்று சொல்லமாட்டாளா என்ற நப்பாசை. பால் கொடுக்கும் தாய்மாருக்கான மீன் என்றேன். அவள் என் சட்டையைப் பார்த்து, சட்டென்று தாளுக்குக் கண்ணை மாற்றி, இன்னொரு பிள்ளை வேண்டுமென்று யோசிக்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். ஐயோ, இல்லை என்றேன். அப்படியென்றால் உப்புப் போக ஊறவைத்துக் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றாள். அதட்டி வேண்டாம் என்று சொல்ல இந்த நாட்டில் எனக்கு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருவாட்டை ஊறவைத்து அவித்து உதிர்த்தேன். இடது கை இன்னும் சரியாக மடங்காது; நேரம் பிடித்தது. தேங்காய்ப்பூப் போட்ட வறை அடுப்பில் கிடக்க, எயர்மெயில் தாளை எடுத்தேன்.

"அக்கா, பிள்ளை இல்லை. பால் குடுக்கிற இடத்திலதான் வருத்தம். ஒரு பக்கத்தை வெட்டி எடுத்திட்டினம்."

மனம் மாறுவதற்குள் ஒட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் ஒரு பக்கம் அவித்த கரட், மற்றப் பக்கம் சுறா வறை. கரட் எனக்கு என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருக்கிறது. இந்த வறை யாருக்கு அக்கா?