விலா எலும்பு இல்லாத படம்

என் மகள் ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தரம் கடிதத்தோடு கறுப்பு பிலிம் ஒன்றை அனுப்பியிருந்தாள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அகலம் இருக்கும். நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு. அதைச் சுற்றிக் கோலமாவு சிந்தியது போலப் பொடிப் புள்ளிகள். சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சட்டென்று கீழே இறக்கிவிட்டேன்.

அப்படி ஒரு பிலிமை நான் முன்பே பார்த்திருந்தேன். அவள் அப்பா மில்லில் பஞ்சுத் தூசியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயைச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தார். கேட்டதற்கு, "அது எங்கூட வேலை செய்யறவனுது அம்மிணி. கொண்டு போய்க் குடுக்கோணும்" என்றார். நெஞ்சில் இதே போல் வெள்ளைத் திட்டு. எட்டு மாதத்தில் போய்விட்டார்.

அதனால் மகளின் கடிதத்தை நான் நம்பவில்லை. "நான் முதன்முதலாக எடுத்த எக்ஸ்ரே படம் அம்மா. இது ரொம்ப தூரத்தில் இருக்கிற ஒரு ரேடியோ கேலக்ஸி. கோடி கோடி நட்சத்திரம் சேர்ந்தது. ரேடியோ அலையை வீசிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சூடான வாயு பரவியிருக்கும் என்று நினைக்கிறோம். அதிலிருந்து வருகிற எக்ஸ்ரேதான் இந்த வெள்ளை" என்று எழுதியிருந்தாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டி மூன்று தரம் படித்தேன். வானத்துக்கு யாராவது எக்ஸ்ரே எடுப்பார்களா? அப்பனைப் போலவே மறைக்கிறாள் என்றுதான் பட்டது.

யாரிடமாவது கேட்கலாம் என்றால் எனக்குப் பேச்சு வராது. மகள் ஜெர்மனி போன பிறகு சில நாள் என் குரலை நானே கேட்டதில்லை. பால்காரரிடம் "போதுங்க" என்பதோடு சரி.

மறுநாள் பிலிமையும் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு, துடியலூரில் பஸ் ஏறி, அவள் அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்த இடத்துக்கே போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் பிலிமை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"யாருதுங்க?"

"என்ற மவளுதுங்க."

திருப்பி மாட்டினார். தலைகீழாக மாட்டினார்.

"ஏனுங்கம்மா, இதுல விலா எலும்பே இல்லையேங்க."

"எலும்பே இல்லீங்களா!"

"நெஞ்சும் இல்லை, வயிறும் இல்லை. எங்க எடுத்தாங்க இதை?"

"ஜெர்மனியிலுங்க."

காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "அந்த ஊர்ல தோசைக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்பாங்களாட்ட இருக்குதுங்க. நடுவுல வெந்துச்சான்னு பாக்க!"

பெஞ்சே சிரித்தது. அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடாமல் கடிதத்தை எடுத்து நீட்டினேன். எக்ஸ்ரேக்காரர் அதை முழுக்கப் படித்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இது வானந்தானுங்கம்மா. உங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. ஊட்டுக்குப் போய் நிம்மதியாச் சோறு உண்ணுங்க" என்றார்.

தேற்றுவதற்குச் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அவள் குரலைக் கேட்காமல் சோறு இறங்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பேசுகிற பூத் ஒன்று இருந்தது. கடிதத்தில் அவள் ஆபீஸ் நம்பர் இருந்தது. நானாக அவளுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. பூத்துக்காரப் பெண்தான் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். இங்கே மத்தியானம், அங்கே காலை.

"அம்மா! என்னாச்சுங்க?"

"உனக்கென்ன ஆச்சு, அதைச் சொல்லு கண்ணு. மறைக்காத. நெஞ்சுல எத்தனை பெருசு?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஐயோ, நான் ஒரு கிறுக்கி. அப்பாவோட படத்தை மறந்தே போயிட்டேன். எனக்கு ஒண்ணுமில்லைங்கம்மா."

"எங்க, மூச்சை நல்லா இழுத்து உடு."

விட்டாள். காதைப் போனோடு அழுத்திக் கேட்டேன். இரைப்பு இல்லை. "இன்னொருக்கா" என்றேன். மறுபடியும் விட்டாள். பூத்துக்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது நெசமாலுமே வானமா?"

"ஆமாங்கம்மா. இந்த வெளிச்சம் கெளம்பறப்ப நம்ம பூமியே கெடையாது. அந்தச் சூடு கோடி டிகிரி இருக்கும். ஆனாக் கை வெச்சாச் சுடாது, அத்தனை மெல்லிசு. இங்கிருந்து பாத்தா அந்த கேலக்ஸி ஒத்தையில இருக்கறாப்புலதான் தெரியும். சுத்தியும் சூடு இருந்தா, அக்கம்பக்கம் பெரிய கூட்டமே குடியிருக்குதுன்னு அர்த்தம்."

"இருக்குதா, கூட்டம்?"

"அதைத்தான் பாத்துட்டிருக்கறேன். சூடு சுத்தியும் பரவியிருக்குதா, இல்லை நடுவுல இருக்கற ஒத்தைப் புள்ளிதான் அப்படித் தெரியுதான்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியலைங்க. முடிச்சுட்டு வர ரெண்டு வருசம் ஆகும்."

மார்கழிக்கு வந்துவிடுவாள் என்று எண்ணியிருந்தேன். 

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். காலையில் பஸ்ஸில் வரும்போது, அத்தனை பயத்துக்கும் நடுவில், உடம்பு முடியாவிட்டால் ஊருக்கு வந்துவிடுவாளே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. கஞ்சி வைத்துத் தரலாம், தலை வாரிவிடலாம், வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுகிற சத்தம் கேட்கும் என்றெல்லாம் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நினைத்தேன்.

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா? ஒண்டியா இருக்கக் கஷ்டமா இருக்குதுங்களா? சொல்லுங்க, நான் இவங்ககிட்டச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்."

கேட்டுவிட்டாள். "வந்துரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த மாதமே வந்துவிடுவாள். பூத்தில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கண்ணாடியில் என் மூச்சு பட்டு மங்கியிருந்தது.

"எனக்கென்ன கண்ணு" என்றேன். "பொழுதன்னிக்கும் யாராச்சும் வாராங்க, போறாங்க. பேசறதுக்கே நேரம் பத்தறதில்லை. நீ இருந்து முழுசாப் பாத்துப்போட்டே வா."

"நெசமாலுமாங்கம்மா?"

"நெசந்தான்."

அவள் நம்பிவிட்டாள். குரலிலேயே தெரிந்தது, அத்தனை சந்தோஷம். அவள் வைக்கட்டும் என்று நானும், நான் வைக்கட்டும் என்று அவளும் போனைப் பிடித்துக்கொண்டே நின்றோம். கடைசியில் நான்தான் வைத்தேன்.