தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவும்

மூளையைச் சோதிக்கிற வேலை என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அதில் முக்கால்வாசி தலை தேய்க்கிற வேலை. எண்பதுகளில் ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஈஇஜி மெஷின் என் பொறுப்பில் இருந்தது. தலையில் ஒயர்களை ஒட்டினால், மூளையில் ஓடுகிற துளி மின்சாரத்தைப் பேனாக்கள் நகரும் காகிதத்தில் கோடுகளாக எழுதும். அவ்வளவுதான். எக்ஸ்ரே, ஈசிஜி, லேப் என்று எதிலாவது வேலைக்கு மாட்டிக்கொண்டவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விளக்கெண்ணெய்

கோவிந்தன் வேப்பனப்பள்ளிக்காரன். ஒரு கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டினான். தகடு வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மிதிக்க வேண்டும். ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டது. தலையில் கோளாறு இல்லை என்று எழுதி வாங்கி வந்தால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். இல்லாவிட்டால் மறுபடி மாந்தோப்புக் கூலிதான்.

சீயக்காய் போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தேன். அலசித்தான் வந்தான். அலசிய பிறகு அவன் மனைவி மாதம்மாள் தலை நிறைய விளக்கெண்ணெய் வைத்துக் கூட்டிவந்தாள். ஒயர் எங்கே ஒட்டும்? கத்தினேன். கரண்டு வைத்தால் தலை சூடாகுமே, அதற்குத்தான் என்றாள். கரண்டு நான் வைப்பதில்லை அம்மா, அவன் தலைக்குள் இருப்பதைத்தான் மெஷின் எழுதுகிறது என்றேன். அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தினி கரண்ட உள்ள வெச்சுனா இந்தாளு காலைல எழுந்திரிக்க மாட்டேங்கறாரு?"

பக்கத்துப் பட்டறை

தலையைத் தேய்த்துக் கழுவ வைத்து உட்கார வைத்தேன். மெஷினைப் போட்டால் எல்லாப் பேனாவும் ஒன்றாக ஆடிக் காகிதத்தைக் கறுப்பாக்கின. எந்த மூளையும் அப்படி எழுதாது. சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். பாஷா பாய் கிரில் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கரண்டு என் மெஷினுக்குள் புகுந்துகொண்டது.

நிறுத்துங்கள் என்றேன். ஒருத்தன் தலைக்காக என் பட்டறையை மூடுவதா என்று சண்டைக்கு வந்தார். உள்ளே வந்து, தலையெல்லாம் ஒயரோடு உட்கார்ந்திருந்த கோவிந்தனைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. நிறுத்துகிறேன் என்றார். ஆனால் சும்மா போகவில்லை.

"அப்பிடியே எனக்கும் ஒண்ணு மாட்டிப் பாத்துடுங்க சார். உள்ள ஏதாச்சும் இருக்குதான்னு வீட்ல கேட்டுனே இருக்கறாங்க."

புளி

முதல் பதிவு சுத்தம். கண்ணை மூடினால் வர வேண்டிய அலை வந்தது, திறந்தால் போனது. வேகமாக மூச்சு விடச் சொன்னேன், விளக்கைச் சிமிட்டினேன். ஒன்றுமில்லை. கோவிந்தன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். டாக்டர் விடவில்லை. மாதம்மாளைக் கேட்டார். விடியற்காலையில் தூக்கத்தில் கை வெட்டி இழுக்கிறது, சில நாள் நாக்கைக் கடித்துத் தலையணையில் ரத்தம் இருக்கிறது என்றாள். கோவிந்தன் அவளை முறைத்தான்.

விழித்திருக்கும்போது ஒளிந்துகொள்வது தூக்கத்தில் வெளியே வரும். அதனால் ராத்திரி கண் விழித்துவிட்டு, இங்கே வந்து தூங்க வேண்டும். அடுத்த வாரம் கண் சிவந்து வந்தான். விடியும்வரை அவனைப் புளியில் கொட்டை எடுக்க வைத்திருந்தாள் மாதம்மாள். ஒயர் மாட்டி முடிப்பதற்குள் குறட்டை.

கொஞ்ச நேரத்தில் பேனாக்கள் துள்ளின. கூர் கூராக, திரும்பத் திரும்ப. உடம்பில் ஒரு அசைவும் இல்லை. மாதம்மாள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பியதும் அவன் சோம்பல் முறித்தான்.

"இப்பிடித் தூங்கி எத்தினி நாளாச்சு சார். நல்லாத்தான வந்திருக்கும்?"

கிழிக்கச் சொன்ன பக்கம்

டாக்டர் மறைக்கவில்லை. வலிப்பு, மாத்திரையில் அடங்கும், பிரஸ் பக்கம் போகக்கூடாது என்றார். வேறு வேலை கொடுக்கலாம் என்று கம்பெனிக்கு எழுதியும் கொடுத்தார். கோவிந்தன் நேராக என்னிடம் வந்தான். துள்ளிய பக்கங்களை மட்டும் கிழித்துவிடுங்கள், பழையது சுத்தமாகத்தானே இருக்கிறது, அதைக் காட்டிக்கொள்கிறேன் என்றான். முடியாது என்றேன். காலைப் பிடிக்க வந்தான். வெளியே போ என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கம்பெனி அவனைப் பேக்கிங்கில் போட்டது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்க வந்தவன் என் அறைக்கும் வந்தான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. பிரஸ்ஸில் நிற்கிறவனுக்குத்தான் மரியாதை, அட்டைப்பெட்டி ஒட்டுகிறவனை எவன் மதிக்கிறான் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் மாதம்மாள் அவன் கைகளை இழுத்து என் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"பத்தும் இருக்குது பாரு. இதுல நாலு போயிருந்தா, வர்ற மரியாதய எதுல வாங்கி வெச்சுனு இருப்ப?"

மூளைக்குள் இருப்பதை எடுத்து எழுத ஒரு மெஷின் போதும். எழுதியதைத் திரும்ப மண்டைக்குள் ஏற்ற வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.