தங்கராஜு அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை

"டிரம்காரரு போயிட்டாருடா" என்று சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிப் போனான் மணியம். செவ்வாய்க்கிழமை காலை, காஜா பேராங் சாலையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். "எங்கடா போனாரு, கச்சேரிக்கா?" என்று கேட்டுச் சிரித்தேன். ஆயர் குரோ பக்கம் மழையில் அவருடைய லாரி கவிழ்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

நம் இளைஞர் மன்ற இசைக்குழுவில் தங்கராஜு அண்ணன்தான் டிரம் வாசித்தார். நான் மராக்காஸ் என்ற கிலுகிலுப்பையைக் குலுக்கினேன். மற்றவர்கள் மலாய் ஜோகெட் நடன இசை வாசிக்க, அவர் ராக் அண்ட் ரோல் என்று இடி இடிப்பார். பக்கத்து வீட்டுச் செட்டியார் முறையிட வந்தார். "மெல்லத் தட்டினா அது கதவு தட்டுறதுங்க, டிரம் இல்ல" என்றார் அண்ணன். மறுநாள் செட்டியார் காதில் பஞ்சோடு வந்து உட்கார்ந்து கேட்டார்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்திய மாதம், சிங்கப்பூர் நடனக் குழு ஒன்றின் தலைவர் டிரம்மர் தேடி மன்றத்துக்கு வந்தார். டிரம்மின் கன்றுத்தோல் ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். மழை நாளில் அண்ணன் அதைக் கரியடுப்பில் காட்டித்தான் வாசிப்பார். அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், அதன் மேல் ஈரத்துணியைப் போட்டு வைத்தேன். திரும்பி வந்து திட்டுவார், அடுப்பைத் தேடி ஓடுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். தலைவர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

அண்ணன் அடித்தார். அரிசி மூட்டையை அடித்த சத்தம். இன்னும் ஓங்கி அடித்தார். குச்சி நழுவி விழுந்தது.

"குடிச்சிட்டு வந்தியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. தோலு ஈரமா இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க, காய வச்சிடுறேன்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மராக்காஸைப் பார்த்தேன். தலைவர் கிளம்பிவிட்டார்.

குடிகாரர் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. "டிரம்முக்குள்ளேயே ரம் இருக்கே" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவனும் நான்தான். அதன்பின் கல்யாண வீடுகளில் அவரை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. லாரி ஓட்டப் போனார்.

துக்க வீட்டிலும் ஒருவர், "போதையில ஓட்டியிருப்பான்" என்றார். அண்ணனின் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னாடா? நான் அத என்னைக்கும் நம்பினதில்ல. நம்புனவங்ககிட்ட போய்ச் சொல்லு."

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன். மன்றத்தின் இரங்கல் கூட்டத்தில் இதை நான் வாசிக்கும்போது அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து யாரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்காதீர்கள். என்னைப் பாருங்கள்.

போய் வாருங்கள், அண்ணே.