லோகப்பிரியாவும் தலைகீழ் வாட்ச்சும்

கோயமுத்தூர் அவினாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியின் ஐசியுவில் நர்ஸாக லோகப்பிரியாவுக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ். வெள்ளகோவில் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பத்துப் பெண். ஊசி போடுவதில் அவளைவிடக் கைராசிக்காரர்கள் அங்கே உண்டு. ஆனால் நேரம் சொல்வதில் அவளுக்கு இணை கிடையாது.

ஒரு நோயாளிக்கு இதயம் நின்றுபோய், எல்லோரும் ஓடிவந்து நெஞ்சை அமுக்கும்போது, ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "ரெண்டு நிமிஷம் ஆச்சுங்க, அமுக்கற ஆளு மாறுங்க. அடுத்த ஊசிக்கு இன்னும் ஒரு நிமிஷம்." எத்தனை பரபரப்பிலும் டாக்டர் பிரான்சிஸ் "லோகா, டைம் நீங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் சலிக்காமல் டியூட்டிக்கு வந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. முழங்கைக்குக் கீழே வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது. கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் பிரவீனா மேடம் சொல்லிவிட்டார். சுவர்க் கடிகாரமோ தூணுக்குப் பின்னால் இருந்தது. மானிட்டர்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டும். லோகப்பிரியா தன் வாட்ச்சை ஊக்கு போட்டு மேல் பாக்கெட்டில் மாட்டிக்கொண்டாள். அது பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கையுறையோடு அதைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பத்து விநாடி போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் சமீரா வேலைக்குச் சேர்ந்தாள். கோட்டைமேட்டுப் பெண், சவூதியில் தம்மாம் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள். முதல் நாளே அவள் நெஞ்சில் ஒரு சின்ன வாட்ச் தலைகீழாகத் தொங்கியது. எதிரில் நிற்பவர்களுக்குத்தான் தலைகீழ். அவள் குனிந்து பார்த்தால் பன்னிரண்டு மேலே, ஆறு கீழே, எல்லாம் நேராக இருக்கும். கையே வைக்க வேண்டாம்.

"அட, இது நல்லாருக்குதே" என்று ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். டாக்டர் பிரான்சிஸும் பார்த்தார். அடுத்த வாரம் ஒரு நோயாளிக்கு இதயம் நின்றபோது, "சமீரா, டைம் நீங்க பாருங்க" என்றார்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாட்ச் கண்ணில் பட்டது, சொன்னார். சமீரா நிதானமாக நிமிஷம் சொன்னாள். ஒரு பிசகும் இல்லை. பிசகு இல்லாததுதான் லோகப்பிரியாவுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

வீட்டில் கணவன் மனோஜ்குமார், "நீயும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே அம்மணி" என்றான்.

"அவளைப் பாத்துப்போட்டு நானும் வாங்கோணுமாங்க?" என்று எழுந்து போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் கண் சமீராவை விடவில்லை. சமீரா சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள், டாக்டரிடம் என்ன பேசுகிறாள் என்று பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஒரு குற்றமும் கண்டுபிடித்தாள். சமீரா படுக்கையில் குனியும்போது வாட்ச் ஆடிப்போய் நோயாளியின் போர்வையில் உரசியது. அன்று மத்தியானமே பிரவீனா மேடத்திடம் போய், "யாருன்னு சொல்லலீங்க. தொங்கற வாட்ச்சு எல்லாம் பேஷண்ட் மேல படுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னது பொய் இல்லை. ஆனால் எதற்காகச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. சட்டையில் மாட்டுகிற வாட்ச்சும் கூடாது. சமீரா தன்னுடையதைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அந்தச் சாயங்காலம் லோகப்பிரியா காந்திபுரத்தில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள்தான் உறைத்தது, அவளுடைய ஊக்கு வாட்ச்சும் போய்விட்டதென்று. நாடி பார்க்கத் தூணைச் சுற்றிப் போய்ச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. அப்போதும் அவள் வருந்தவில்லை. எனக்கு இல்லாவிட்டால் போகட்டும், அவளுக்கும் இல்லையே என்று இருந்தது.

சமீரா அதோடு விடவில்லை. மூடியும் பட்டையும் ரப்பராக இருந்து, ஆடாமல் சட்டையோடு ஒட்டி நிற்கிற வாட்ச் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காட்டி, பிரவீனா மேடத்திடம் அனுமதி வாங்கினாள். மேடம் இருவரையும் கூப்பிட்டார்.

"லோகப்பிரியா, நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. இனி எல்லாரும் இந்த மாதிரிதான் போடணும்" என்று வெள்ளந்தியாகச் சொன்னார்.

சமீரா திரும்பிப் பார்த்தாள். லோகப்பிரியாவின் முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே வராந்தாவில் சமீரா நின்றாள். "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா. நானே கழட்டியிருப்பேனே."

ஏதாவது சாக்கு சொல்லலாம் என்றுதான் லோகப்பிரியா வாயெடுத்தாள். வந்தது வேறு. "பேஷண்டுக்காகச் சொல்லல கண்ணு. டாக்டர் உன்னைய டைம் பாக்கச் சொன்னாரு. அது எனக்குத் தாங்கல."

சமீரா திரும்பி ஐசியுவுக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் மருந்து, அளவு, படுக்கை எண் தவிர இருவருக்கும் நடுவில் பேச்சில்லை. லோகப்பிரியாவும் ரப்பர் வாட்ச் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, ஆனைமலையிலிருந்து கொண்டுவந்திருந்த ஆறுச்சாமி என்கிற தென்னந்தோப்புக்காரருக்கு இதயம் நின்றது. டாக்டர் பொதுவாக "டைம்" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

"ஒம்போது பன்னெண்டுங்க" என்றாள் லோகப்பிரியா.

"ஒம்போது பதிமூணு" என்றாள் சமீரா.

"ஒருத்தர் சொல்லுங்க!" என்று டாக்டர் சத்தம் போட்டார். ஊசி மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை போக வேண்டும். எந்த வாட்ச்சை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. லோகப்பிரியா ஒரு கணம்தான் தயங்கினாள். "சமீரா சொல்லட்டுங்க" என்று கட்டிலேறி முட்டி போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். சமீரா எண்ணினாள். பதினோரு நிமிஷத்தில் ஆறுச்சாமிக்கு நாடி திரும்பியது.

எல்லாம் ஓய்ந்தபிறகு சமீரா கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று, "வாங்கக்கா, இதுல ஓடற மணியப் பாத்து ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கலாம்" என்றாள். குரலில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. லோகப்பிரியாவினுடையது ஐம்பது விநாடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தினாள்.

அன்றிலிருந்து ஷிப்ட் தொடங்கும்போது இருவரும் அங்கே நின்று வாட்ச்சைச் சரிபார்க்கிறார்கள். நேரம் சொல்வதை வாரம் மாற்றி வாரம் பிரித்துக்கொண்டார்கள். இப்போது சமீரா பழையபடி பேசுகிறாள், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். ஆனால் வாரத்துக்கொருதரம் பின்தங்குவது லோகப்பிரியாவின் வாட்ச்தான். சமீராவினுடையதைத் தொடவே வேண்டியிருப்பதில்லை. அது மட்டும் லோகப்பிரியாவுக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.