கறிவேப்பிலைப் புழு சைவமா, அசைவமா?

யுகாதிக்கு முந்தைய வாரம் எங்கள் ஹவுஸ் ஓனர் இரண்டு கொலைகள் செய்தார்.

பயப்படாதீர்கள். மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. கரப்பான்பூச்சியைக்கூட ஒரு அட்டையில் ஏந்தி, கேட் வரை கொண்டுபோய், "போய்ட்டு வா" என்று வழியனுப்புகிறவர். அதுவும் சொன்ன சொல் தவறாமல் போய்விட்டு வரும்... எங்கள் போர்ஷனுக்கு.

பெயர் வேங்கடேசன். எல்லாருக்கும் அங்கிள். ஈஜிபுராவில் கீழ்வீட்டில் அவரும் சுந்தரி ஆன்ட்டியும், மாடியில் நாங்கள். அப்பா காலத்திலிருந்தே பெங்களூர் என்பதால் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தமிழுக்கே திரும்புவார். வீட்டை வாடகைக்கு விடும்போது அவர் போட்டது ஒரே நிபந்தனை. ப்யூர் வெஜ். முட்டைகூடக் கூடாது.

நானோ குடியாத்தத்துக்காரி. எங்கள் வீட்டில் முட்டையை அசைவக் கணக்கில் சேர்ப்பதே இல்லை; அது ஏதோ காய்கறிக்குத் தம்பி மாதிரி. ஆனால் பெங்களூரில் தண்ணீர் ஒழுங்காக வரும் வீடு கிடைத்தால் எதைத்தான் துறக்கமாட்டோம்? சமையலறையில் மட்டும் துறந்தோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை வெளியே முடித்துக்கொண்டு, ஏலக்காய் மென்றபடி நல்ல பிள்ளைகளாக மாடி ஏறுவோம். அங்கிளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

சரி, கொலைக்கு வருகிறேன்.

வாசலில் மீட்டர் பாக்ஸுக்கு மேலே இருந்த இடுக்கில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. அங்கிள் கவனிக்கவில்லை. பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கிறேன் என்று நீளக் கழியை உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தார். வைக்கோல், சணல், யாருடையதோ தலைமுடி எல்லாம் கொத்தாகக் கீழே வந்தது. கூடவே மூன்று குஞ்சுகள். சிமென்ட் தரை. இரண்டு அங்கேயே போய்விட்டன.

மூன்றாவது, அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. கூடு போனது, கூடப்பிறந்தவை போயின, எதிரே ஒட்டடைக் கழியோடு ஒரு ராட்சசன் நிற்கிறான்... அதற்கு என்னவோ பசி!

சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது அங்கிள் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா கொன்னுட்டேன். குப்பி கூடு இருக்குன்னு பாக்கவே இல்ல. ஒரு நிமிஷம் எட்டிப் பாத்திருக்கக் கூடாதா நான்?"

குப்பி என்றால் கன்னடத்தில் சிட்டுக்குருவி. அன்றிலிருந்து அந்தக் குஞ்சுக்குப் பெயரும் அதுதான்.

தேங்காய்ச் சிரட்டையில் வைக்கோல் வைத்து, குஞ்சை அதில் போட்டு, பழைய இடத்திலேயே கட்டினோம். தாய்க்குருவியும் அப்பாக்குருவியும் எதிரே ஒயரில் வந்து உட்கார்ந்து கத்தோ கத்தென்று கத்தின. அதே நேரம் பக்கத்து வீட்டில் மார்பிள் அறுக்க ஆரம்பித்தார்கள். இரண்டும் பறந்தவைதான், சாயங்காலம் வரை வரவில்லை. குஞ்சின் வாய் திறப்பதும் குறைந்துகொண்டே வந்தது.

"இனிமே இத நான்தான் வளக்கணும்" என்று அங்கிள் சிரட்டையோடு உள்ளே போனார்.

இங்கேதான் எங்கள் இனத்துக்கே உரிய தவறு நடந்தது. வாயில்லா ஜீவன், பச்சைக் குழந்தை, வயிறு சரியில்லாதவர், பரீட்சைக்குப் போகிறவர், ஆபரேஷன் முடிந்து வந்தவர்... இவர்கள் எல்லாருக்கும் தமிழர்கள் கொடுக்கும் ஒரே மருந்து எது?

தயிர் சாதம்!

ஆன்ட்டி குழையக் குழையப் பிசைந்தார். கல் உப்பு வேண்டாம், தூள் உப்பு போதும் என்று முடிவானது. ஒரு தீக்குச்சியின் பின்பக்கத்தில் எடுத்து எடுத்து அங்கிள் ஊட்டினார். குப்பியும் வாங்கிக்கொண்டது.

"ஒரு சிட்டிகை பெருங்காயம் போடட்டுமா? வாய்வு புடிக்காம இருக்கும்" என்று கேட்டார் ஆன்ட்டி.

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நம் வாதம் பலமானதுதானே? பெரிய குருவி மளிகைக் கடை வாசலில் அரிசி பொறுக்குகிறது. அப்படியானால் குட்டிக் குருவி குழைந்த அரிசி சாப்பிடும். இதில் எங்கே ஓட்டை?

மறுநாள் காலையில் ஓட்டை தெரிந்தது. குஞ்சு துவண்டு கிடந்தது. அலகைச் சுற்றித் தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது. எச்சம் தண்ணீராகப் போயிருந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படித்து, தவறாமல் குறை சொல்லும் பறவை டாக்டர் ஒருவர் இருக்கிறார். ரேவதி. அவருக்கு போன் போட்டேன்.

"என்ன குடுத்தீங்க?"

சொன்னேன்.

"தயிர் சாதமா? ஏன் மேடம், அது என்ன ரிட்டையர் ஆயிடுச்சா?"

திட்டி முடித்த பிறகு விளக்கினார். பெரிய குருவி தானியம் தின்னும், வாஸ்தவம். ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் பிடித்து வந்து போடுவது பெரும்பாலும் பூச்சியும் புழுவும்தான். கொஞ்ச நாளுக்குள் சதை, எலும்பு, இறகு எல்லாம் வளர்ந்தாக வேண்டுமே! அதன் குடலும் இப்போதைக்கு அந்தச் சாப்பாட்டுக்குத்தான் தயாராக இருக்கிறது. மாவுச்சத்தை உடைக்கிற சுரப்புகள் அதற்குள் இன்னும் போதுமான அளவில் இல்லை. தானியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகப் போகத்தான் அவை கூடும். பால் சமாச்சாரமோ எந்த வயதிலும் குருவிக்கு ஒத்துவராது.

"குடலும் உங்க ஊர் ஐ.டி. கம்பெனி மாதிரிதான் மேடம். ப்ராஜெக்ட் வந்தாத்தான் ஆள் எடுக்கும். நீங்க ஆளே இல்லாத ஆபீஸ்ல மூட்டை மூட்டையா அரிசிய எறக்கியிருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"முதல்ல கதகதப்பா வைங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. அப்புறம் வேகவெச்ச முட்டை, இல்லன்னா ஊறவெச்ச பூனைத் தீனி, இல்லன்னா பூச்சி. எது கிடைக்குதோ அது. நான் வெளியூர்ல இருக்கேன், வியாழக்கிழமை வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அது தாங்கணும்."

ப்யூர் வெஜ் வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டு இந்த மெனுவை நான் வாசித்தேன். வாழ்க்கையில் இவ்வளவு மெல்லிய குரலில் நான் பேசியதே இல்லை.

முட்டை? "ஒரு குஞ்சைக் காப்பாத்த இன்னொரு குஞ்சையா? பேடா, வேண்டாம்மா" என்றார் அங்கிள். முடிந்தது. பூனைத் தீனி பாக்கெட்டின் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. அதுவும் முடிந்தது.

"பூச்சியும் உசுருதானேம்மா?"

"ஆமா அங்கிள்."

"அப்ப எப்படிம்மா?"

நக்கல் மட்டுமே நிறைய வைத்திருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு நேரம் வரும். சிரட்டையில் குப்பி தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. அங்கிள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் போச்சுன்னா மூணும்மா" என்றார். "மூணும் என் கையால."

 

அவர் எழுந்து பின்பக்கம் போனார். நானும் போனேன். அங்கே ஒரு கறிவேப்பிலை மரம். அதில் எப்போதும் பச்சைப் புழுக்கள் இருக்கும். அங்கிள் அவற்றைக் கொல்லமாட்டார். இலையோடு கிள்ளி எடுத்து, சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுவார். ஜீவகாருண்யமும் ஆயிற்று, கறிவேப்பிலையும் பிழைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு புழு என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று ஒரு சின்னப் புழுவை இலையோடு கிள்ளினார். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இது என்னம்மா சாப்பிடுது?"

"கறிவேப்பிலை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல அங்கிள்."

"பொறந்ததுலேருந்தா?"

"பொறந்ததுலேருந்து."

"அப்ப இதுக்குள்ள இருக்கறது பூரா கறிவேப்பிலைதானே? உருவம் மாறியிருக்கு, அஷ்டே, அவ்வளவுதான்!"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாயை மூடத் தெரிந்திருந்தால் வாராவாரம் பத்தி எழுதுவேனா?

"அப்படிப் பாத்தா ஆடும் வெறும் புல்லுதானே அங்கிள்?"

"சும்மா இரும்மா நீ!"

ஆன்ட்டியின் ட்வீசர் வந்தது, புருவம் திருத்துகிற ட்வீசர். அங்கிள் புழுவிடம் "க்ஷமிசப்பா" என்று கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஊட்டினார். கண்ணை மூடினால் குறி எப்படி வரும்? முதல் முறை குஞ்சின் மூக்கில் இடித்தது. இரண்டாம் முறை நான் கையைப் பிடித்து வழிகாட்டினேன். புழு உள்ளே போயிற்று. மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் வாய் திறந்தது. சின்னதாக, மஞ்சள் ஓரத்தோடு.

"இன்னொண்ணு கேக்குது சுந்தரி!" என்று கத்தினார் அங்கிள்.

"கேக்கட்டும். அந்த ட்வீசர இனிமே என் கண்ணுல காட்டாதீங்க" என்றார் ஆன்ட்டி. ஆனால் அவர்தான் அடுத்த புழுவைக் கிளையில் கண்டுபிடித்துக் காட்டியது.

அடுத்த நாட்களில் மரத்தில் புழு தீர்ந்தது. எதிரே காலி சைட்டில் புதர் இருக்கிறது. நான் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டுக்கிளி பிடிக்கப் போனேன். ஈஜிபுராவே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு டப்பா நிறைய உயிரோடு பிடித்து வருவேன். அங்கிள் ஓடிவந்து கேட் திறந்துவிடுவார். ஒளித்து மறைத்து ஏலக்காய் மென்ற வீட்டுக்குள், பட்டப்பகலில், ஓனரே வரவேற்க, அசைவம் சப்ளை செய்தேன். குடியாத்தத்தில் என் அம்மாவிடம் சொன்னேன். "வெட்டுக்கிளிக்குப் பதிலா ரெண்டு நெத்திலிய வாங்கிப் போடறதுதானே?" என்றார். அம்மாவிடம் அங்கிளின் சித்தாந்தத்தை விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். குப்பிக்கு முள்முள்ளாக இறகு முளைத்திருந்தது. வயிறு வற்றியிருந்தது. "பரவால்ல, பொழச்சிருச்சு" என்றவர், இனிமேல் பூச்சியோடு கொஞ்சம் ஊறவைத்த தினையும் கொடுங்கள், நாளாக நாளாக அதைக் கூட்டுங்கள், குடல் மெல்லப் பழகிக்கொள்ளும் என்றார். அதாவது, ஆபீஸில் ஆள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படியே நடந்தது. தத்தித் தத்தி நடந்து, தானே கொத்தித் தின்னக் கற்றுக்கொண்ட பிறகு ஒருநாள், வெட்டுக்கிளியை நீட்டினால் குப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தினைக் கிண்ணத்துக்கு ஓடியது.

அங்கிளுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியாம்மா? யாரும் சொல்லல. தானா வெஜ் ஆயிடுச்சு. வளர்ப்பும்மா... நம்ம வீட்டு வளர்ப்பு!"

சிவாஜி நகர் கறிக்கடைக் கூரையில் வளர்ந்திருந்தாலும் அது தினைதான் தின்றிருக்கும். அது குடல் வளர்ந்த விதம், வீட்டு வளர்ப்பு இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் உங்களிடம் சொல்லலாம். கொள்கை என்பது குடல் தயாரான பிறகு வருகிற சங்கதி. அதற்கு முன்னால் நம் எல்லாருக்கும் யாரோ எதையோ எங்கேயோ போய்ப் பிடித்து வந்து வாயில் போட்டிருக்கிறார்கள். அதற்காக அவர்கள் என்ன செய்தார்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று விசாரித்தோமா? வாயைத் திறந்தோம், விழுங்கினோம், வளர்ந்தோம். பிறகுதான் அடுத்தவன் தட்டை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டோம். இதில் சைவக்காரர், அசைவக்காரர் என்ற பேதமே இல்லை.

போன சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் குப்பியை விட்டோம். அது கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. இறகை ஒருமுறை கோதிக்கொண்டது. கேபிள் ஒயரில் ஒரு குருவிக் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. விர்ரென்று போய் அதோடு சேர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்ததா? இல்லை. எது குப்பி என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அங்கிள் அங்கேயே நின்றார்.

"ஏம்மா, மத்த ரெண்டு... அத நான்தான் பண்ணேன்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

"இத்தன நாள் என் கையாலதானே சாப்பிட்டுது. என்னப் பத்தி என்ன நெனைக்கும்?"

"ஒண்ணும் நெனைக்காது அங்கிள்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்ல ஜீவன்மா" என்றார்.