பாதிச் செம்பு, இருபத்தெட்டு பாகம்

ஹால்வருக்குச் சால்மன் பிடிக்கத் தெரியாது. இதைச் சொன்னால் அந்தத் தீவில் நாய்கூட நம்பாது. அலாஸ்காவின் அந்தக் கரையில் முப்பத்தொரு வருஷமாக அதிக மீனோடு திரும்பிய படகு அவனுடைய 'மேரன்'தான். படகு ஓட்டுவதில் கெட்டிக்காரன், மறுப்பதற்கில்லை. புயலில் பதறமாட்டான். இஞ்சினை அக்கக்காகக் கழற்றிப் பூட்டுவான். ஆனால் எந்தத் தூண்டிலை எந்த ஆழத்தில் இழுப்பது என்று வந்துவிட்டால் பெண்டாட்டி ரக்னாவின் முகத்தைத்தான் பார்ப்பான். அதை யாரும் கண்டதில்லை. நடுக்கடலில் யார் இருக்கிறார்கள் காண?

கல்யாணமான முதல் கோடையில் நான்கு நாள் வெறும் கம்பியை இழுத்துவிட்டுக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் தப்பித்தவறி ஒரு ராஜ சால்மன் மாட்டியது. ரக்னா அதன் குடலைக் கிழித்துப் பார்த்தாள். உள்ளே ஊசி ஊசியாகப் பொடிமீன். இவனோ தூண்டிலில் இரைமீன்போல மினுக்கும் உள்ளங்கை அகல உலோகத் தகடுகளைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அவள் விரல் நீளத் தகடுகளாக மாற்றிக் கட்டினாள். ஒவ்வொன்றின் வாலையும் முழங்காலில் வைத்துத் துளி வளைத்துவிட்டாள். படகு மெதுவாகப் போகும்போது அது அடிபட்ட மீன்போலத் தள்ளாட வேண்டும், அதற்காக. சாயங்காலத்துக்குள் பனிக்கட்டிப் பெட்டி நிரம்பிவிட்டது.

அதன்பின் அவன் கை சுக்கானில், அவள் கை தூண்டிலில். மூட்டமான நாளுக்குப் பாதி செம்பும் பாதி வெள்ளியும் பூசிய தகடு, வெயிலுக்கு முழு வெள்ளி, மீன் அடியில் கிடந்தால் ஈயக்குண்டை இன்னும் பத்துப் பாகம், அதாவது அறுபதடி, இறக்குவது, எல்லாம் அவள் கணக்கு. படகு திரும்பும்போது உள்பக்கத்துக் கம்பி தொய்ந்து தகடு அமிழும், பெரிய மீன் அந்த நொடியில்தான் கவ்வும், அதனால் நேரே ஓட்டாமல் பாம்பு மாதிரி வளைந்து ஓட்டு என்று அவனுக்குச் சொன்னவளும் அவள்தான்.

அந்தத் தொழிலில் பொய் பாவமில்லை. ரேடியோவில் எவனாவது "என்ன போட்டிருக்கே?" என்று கேட்டால், "பச்சை ரப்பர் கணவாய், பன்னிரண்டு பாகம்" என்று ஹால்வர் வாய் கூசாமல் சொல்வான். வேறு படகு நெருங்கினால் ரக்னா தகடுகளின் மேல் சாக்கைப் போட்டு மூடுவாள். உண்மை பேசுவது அவர்களுடைய ஐந்து படகுக் கூட்டுக்குள் மட்டும். ரேடியோவில் மற்றவர்களுக்குப் புரியாமல் பேசக் கூட்டுக்கென்று ரகசிய வார்த்தைகள் உண்டு, அவை வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒருவன் மீனைக் கண்டால் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும், இஞ்சின் நின்றால் மற்றவர்கள் ஓடிவர வேண்டும். கூட்டுக்குள் பொய் சொன்னவனுக்கு அடுத்த வருஷத்து வார்த்தைகள் கிடைக்காது. அதற்கு மன்னிப்பே இல்லை.

ஹால்வர் கூட்டுக்குள் நிறத்தையும் ஆழத்தையும் உண்மையாகத்தான் சொன்னான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் மட்டும், "மனசுல பட்டுச்சு" என்பான். தெரிந்தால்தானே சொல்ல! கூட்டின் தலைவன் லுட்விக் ஒருமுறை, "அண்ணிதான் கட்டுறாங்களோ?" என்று துருவினான். "பொம்பளை கைவாசம் மீனுக்குப் பிடிக்குதுடா, அதான் கட்டச் சொல்றேன்" என்று ஹால்வர் சிரித்தான். ரக்னா பக்கத்தில்தான் நின்றாள். புருஷன் பேர் வளர்ந்தால் தன் பேரும் அதில் கொஞ்சம் ஒட்டும் என்று நினைத்த மடச்சி, அவளும் கூடச் சிரித்தாள்.

பிப்ரவரியில் ஹால்வர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். ஏப்ரலில் லுட்விக்கின் சமையலறையில் கூட்டுக்காரர்கள் வழக்கம்போல் கூடினார்கள், புது வார்த்தைகள் எழுதிய சீட்டுகளைப் பங்கிட. ரக்னாவும் போனாள். இந்தக் கோடையில் 'மேரன்' அவள் படகு. சுக்கான் அவளுக்கு ஓரளவு பழக்கம், இஞ்சின்தான் பயம். வெளிக்கடலில் துணையில்லாமல் நின்றால் பிணமாகத்தான் திரும்ப வேண்டும். அதனால் அந்தச் சீட்டு அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான். ஹால்வரின் பேரைச் சூடுபோட்டு எழுதிய தகட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள்.

லுட்விக் சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்தான். "அண்ணி, உங்களுக்கு இல்லாத இடமா? ஹால்வர் எப்படித்தான் கண்டுபிடிச்சான், அதை மட்டும் சொல்லிடுங்க. நோட்டு கீட்டு ஏதாச்சும் எழுதி வச்சிருக்கானா?"

"நோட்டு எதுவும் இல்ல. பாத்துப் பாத்துக் கட்டினது நான்தான்."

கூட்டில் இன்னொரு படகுக்காரன் பெர்ன்ட் தொடையைத் தட்டிச் சிரித்தான். "ரகசியத்தப் பூட்டிச் சாவிய பொண்டாட்டி கையில குடுத்துட்டுப் போயிருக்கான்யா! செத்தும் கெட்டிக்காரன்!"

ரக்னா ஒரு தகட்டை எடுத்து வாலை வளைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தூண்டில் நரம்பில் கட்டி இழுத்துக் காட்டினாள். தகடு உயிருள்ள மீன்போலத் தள்ளாடியது.

"முப்பது வருஷம் பக்கத்துல இருந்தா கிளிகூடக் கத்துக்கும்" என்றான் பெர்ன்ட்.

அவளுக்கு எரிந்தது. "முதல் மீனோட குடலைக் கிழிச்சுப் பாத்தா, அது என்ன தின்னுதுன்னு தெரியும். இதுதான் ரகசியம். உங்க ஹால்வருக்குக் குடலைக் கண்டாலே குமட்டும். ஒருநாளும் கிழிச்சதில்ல."

லுட்விக்கின் முகம் மாறிவிட்டது. "போதும் அண்ணி. வெளியில ஆயிரம் பொய் சொல்லுங்க, நாங்களும் சொல்றோம். இந்த மேசையில சொல்லக் கூடாது. ஹால்வர் இங்க ஒரு பொய் சொன்னதில்ல. அவன் மண்ணு ஈரம் காயல, நீங்க அவன் பேரையே தின்னப் பாக்குறீங்க."

நான்கு சீட்டுகள் மேசையில் விழுந்தன. ஐந்தாவது அவன் பைக்குள்ளேயே திரும்பிப் போனது. வாழ்நாளில் அந்த மேசையில் முதல்முறையாக உண்மை பேசியதற்கு அவளுக்குக் கிடைத்த பட்டம் பொய்க்காரி. ரக்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீடு சேரும்வரை அழவில்லை. சேர்ந்ததும் அழுதாள், அது ஹால்வருக்காக அல்ல.

ஜூலையில் தனியாகவே வெளிக்கடலுக்குப் போனாள். இஞ்சின் ஒவ்வொரு முறை இருமும்போதும் சுக்கானை விட்டு ஓடிப்போய் அதன்மேல் காதை வைத்தாள். மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கூட்டுப் படகுகள் நான்கும் தூரத்தில் வெள்ளித் தகடுகளை இழுத்துக்கொண்டு வெறுங்கம்பியைச் சுருட்டின. ரக்னா தண்ணீரைப் பார்த்தாள். பாசி பொங்கிக் கஞ்சித் தண்ணியாகக் கலங்கிக் கிடந்தது. மேலே வெயிலடித்தாலும் கீழே மூட்டம்தானே. பாதிச் செம்புத் தகடுகளைக் கட்டி, வேகத்தைக் குறைத்து, வளைந்து வளைந்து ஓட்டினாள். உச்சிவேளைக்குள் படகின் இரு பக்கமும் நீட்டியிருந்த தூண்டில் கழிகள் இரண்டும் வளைந்து ஆடின. மீனை இழுத்துப்போட ஆளில்லாமல் அவள் தோள் கழன்றது.

லுட்விக் தொலைநோக்கியில் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் கேட்கும் பொது அலைவரிசையில் கூப்பிட்டான்.

"மேரன், மேரன். அண்ணி, நல்லா மாட்டுது போல? என்ன போட்டிருக்கீங்க?"

ரக்னா ஒலிவாங்கியை எடுத்தாள். பச்சைக் கணவாய் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"பாதிச் செம்பு. இருபத்தெட்டு பாகம். மெதுவா ஓட்டுங்க, திரும்புறப்போதான் கவ்வுது. தண்ணி கலங்கியிருக்கு லுட்விக், வெள்ளி தெரியாது."

ரேடியோவில் நான்கு படகின் சிரிப்பும் ஒன்றாகக் கரகரத்தது.

"இந்த வெயில்ல செம்பா!" என்றான் லுட்விக். கோபம் போய், குரலில் ஒரு பிரியம்கூட இருந்தது. "பலே அண்ணி, இப்பதான் மீன்பிடிக்காரி ஆயிருக்கீங்க. பொய் சொல்றதுல அப்படியே ஹால்வர்."

நான்கு படகுகளும் திசை மாறித் தெற்கே போயின. முப்பத்தொரு வருஷத்தில் கடலில் ரக்னாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அவள் ரேடியோவை அணைத்துவிட்டு, அடுத்த கம்பியைச் சுருட்டப் போனாள்.